ஞாயிற்றுக்கிழமை சைட் வேலை

"கமா விட்டுப்போச்சும்மா" என்று மாமா ஃபோனில் சொன்னபோது, எதிரே ஒரு டயர் கடைக்காரர் உட்கார்ந்து என்னைத் திட்டிக்கொண்டிருந்தார். அவருடைய வெப்சைட்டில் டயர் போதுமான அளவுக்குக் கறுப்பாக இல்லையாம். ஒரு காதில் டயர், மறு காதில் கமா. "சாயங்காலம் வந்து போட்டுடறேன் மாமா" என்றேன். "அதுக்குள்ள யாராச்சும் படிச்சுட்டா?" என்றார். அப்படி அவசரப்பட்டு யாரும் படித்துவிட மாட்டார்கள் என்று வாய்வரை வந்தது. மாமனார் ஆயிற்றே, விழுங்கிக்கொண்டேன்.

நான் வெப்சைட் செய்து பிழைக்கிறவள். ஆஸ்பத்திரி, டயர் கடை, கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி என்று எது வந்தாலும் செய்யும் ஒரு சின்ன அலுவலகத்தில் வேலை. பகலெல்லாம் ஊரார் பாத்திரத்தைத் தேய்த்துவிட்டு வீட்டுக்கு வந்தால் இங்கேயும் பாத்திரம் குவிந்து கிடக்கும். மாமா ஒரு இதழ் நடத்துகிறார். வீட்டில் கண்ணாடித் தொட்டி வைத்து மீன் வளர்ப்பவர்களுக்கான இதழ். குடிநீர் வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஊருக்கு விட்ட தண்ணீரையெல்லாம் இப்போது வீட்டில் பிடித்து வைத்துக்கொண்டிருக்கிறார் என்று அத்தை சொல்வார். முன்பு அச்சில் வந்த இதழ், காகிதம் விற்ற விலையில் கட்டுப்படியாகாமல் இணையத்துக்கு வந்தது. நான் கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த சமயம் அது. வெப்சைட் செய்யத் தெரிந்த மருமகள் வீட்டுக்குள்ளேயே வந்து இறங்கினால் சும்மா விடுவார்களா?

அந்தப் பழைய சைட்டை நான்தான் கட்டினேன், அதனால் அதைத் திட்டும் உரிமையும் எனக்குத்தான். ஒவ்வொரு பக்கமும் தனித்தனிக் கோப்பு. மேலே இருக்கும் மெனுவில் ஒரு சொல்லை மாற்றவேண்டுமென்றால் எல்லாப் பக்கத்தையும் ஒவ்வொன்றாகத் திறந்து மாற்றவேண்டும். பின்னணியில் நீல அலை. ஓரத்தில் ஒரு தங்கமீன் போய்ப் போய்த் திரும்பும். அது மாமாவின் ஆசை. கட்டுரையை அவர் தாளில் எழுதித் தருவார், நான் தட்டச்சு செய்து, படத்தை வெட்டி, ஏற்றவேண்டும். ஏற்றிய பிறகுதான் அவருக்குத் திருத்தங்கள் தோன்றும்.

இந்த வேலைக்கு ஞாயிற்றுக்கிழமை காலையை ஒதுக்கியிருந்தேன். எங்கள் வீட்டில் பகலில் கதவைச் சாத்திக்கொள்ள இரண்டே காரணம்தான் செல்லும். ஒன்று காய்ச்சல், மற்றது சைட் வேலை. ஞாயிறு என்றால் நாத்தனார் தன் குடும்பத்தோடு மதியச் சாப்பாட்டுக்கு வந்துவிடுவாள். காலையிலிருந்தே சமையலறையில் குக்கர் ஒரு பக்கம், மிக்ஸி ஒரு பக்கம் என்று அமர்க்களப்படும். நான் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு பின்னறைக்குப் போய்க் கதவைச் சாத்துவேன். "அவ சைட் வேலை பாக்கறா, யாரும் தட்டாதீங்க" என்று மாமா ஹாலில் காவல் இருப்பார். உண்மையைச் சொன்னால், வேலை சீக்கிரமே முடிந்துவிடும். மிச்ச நேரம் வெறும் தரையில் மல்லாந்து படுத்து ஃபேனைப் பார்த்துக்கொண்டிருப்பேன். யாருக்கும் பதில் சொல்லவேண்டாம், எதற்கும் எழுந்திருக்க வேண்டாம். அதைத் திருட்டு என்று நான் நினைத்ததே இல்லை. அது என் கூலி.

ஞாயிறோடு நின்றிருந்தால் ஆயுசுக்கும் ஓட்டியிருப்பேன். ஆனால் மாமாவுக்கு எள் என்றால் எண்ணெயாக வந்து நிற்கவேண்டும். திங்கள்கிழமை ஒரு திருத்தம், செவ்வாய்க்கிழமை ஒரு படம், புதன்கிழமை ஒரு வாசகரின் ஏஞ்சல் மீனுக்கு உடம்பு சரியில்லை, அவசரமாகப் பதில் போடவேண்டும் என்று அலுவலகத்துக்கே ஃபோன் வர ஆரம்பித்தது. என் மேலாளர் மாமாவின் குரலை அடையாளம் கண்டுபிடித்து "மீன்காரர் லைன்ல இருக்கார்" என்று சொல்லும் அளவுக்குப் போய்விட்டது. கமா விட்டுப்போன அன்று எனக்கும் பொறுமை விட்டுப்போனது. மாலை செருப்பைக்கூடக் கழற்றாமல் மாமாவின் முன்னால் போய் நின்றேன்.

"மாமா, சைட்டை மொத்தமா மாத்திடலாம். சி.எம்.எஸ். போட்டுத் தர்றேன்."

"அது என்ன வியாதி?"

"வியாதி இல்லை மாமா, மருந்து. நீங்களே எழுதலாம், நீங்களே படம் போடலாம். 'வெளியிடு'ன்னு ஒரு பட்டன் இருக்கும், அதையும் நீங்களே அமுக்கலாம். கமா விட்டுப்போனா அந்த நிமிஷமே உள்ளே போய்ப் போட்டுக்கலாம். நடுவுல நான் எதுக்கு?"

மாமா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நானே அமுக்கலாமா?" என்று இன்னொரு தடவை கேட்டுக்கொண்டார். உள்ளேயிருந்து அத்தையின் குரல் வந்தது. "மொதல்ல அந்தத் தொட்டித் தண்ணியை அவரே மாத்தட்டும். அப்புறம் சைட்டை மாத்திக்கலாம்." எங்கள் வீட்டில் மீன் மாமாவுடையது, தண்ணீர் அத்தையுடையது.

ஆழம் தெரியாமல் காலை விட்டேன். புது சைட்டின் தோற்றத்தை அமைப்பது ஒரு வேலையே இல்லை. வெள்ளைப் பின்னணி, பெரிய எழுத்து, ஃபோனில் திறந்தாலும் உடையாத மெனு. தங்கமீனை எடுத்ததற்கு மட்டும் மாமா இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். பழைய கட்டுரைகளைப் புது இடத்துக்குக் கொண்டுவருவதில்தான் உயிர் போனது. ஒரு பக்கம் போல இன்னொரு பக்கம் இல்லாததால் எந்தக் கருவியும் உதவவில்லை, எல்லாவற்றையும் கையால் எடுத்து ஒட்டவேண்டியிருந்தது. படங்கள் அதைவிட மோசம். மீன் எந்தப் படத்திலும் நிற்கவில்லை, பாதிப் படங்களில் வால் மட்டும்தான் இருந்தது.

அடுத்தது பிரிவுகள். நோய், உணவு, தொட்டி அமைப்பு, வாசகர் கேள்வி என்று நான்கு பிரிவு போதும் என்றேன். மாமா ஒப்பவில்லை. ஒரு வாசகரின் ஃபைட்டர் மீன் தொட்டியிலிருந்து துள்ளிக் கீழே விழுந்து செத்ததைப் பற்றி ஒரு கட்டுரை இருந்தது.

"இது நோயும் இல்லை, உணவும் இல்லை. 'விபத்து'ன்னு ஒண்ணு போடு."

"ஒரே ஒரு மீனுக்காக ஒரு பிரிவா மாமா?"

"செத்தது உன் மீனா இருந்தா இப்படிப் பேசுவியா?"

போட்டேன். அந்தப் பிரிவில் இன்றுவரை அந்த ஒரு மீன்தான் இருக்கிறது.

எல்லாம் கட்டி முடித்த பிறகு, எதுவும் பழகாத ஒருவர் கையில் கொடுத்துப் பார்த்தால்தான் சைட்டின் லட்சணம் தெரியும். எங்கள் தொழிலில் அது வழக்கம். அத்தையிடம் போனேன். அத்தை இத்தனை காலத்தில் இதழின் ஒரு வரியைக்கூடப் படித்ததில்லை. படிக்க யார் விட்டார்கள்? அடுப்பை அணைக்காமலே ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு தன் ஃபோனில் சைட்டைத் திறந்தார். புதுக் கட்டுரை வந்தால் ஃபோனில் தெரிவிக்கவேண்டுமா என்று ஒரு பெட்டி எழுந்தது.

"வேணும்னு அமுக்கவா, வேண்டாம்னு அமுக்கவா?"

"உங்க இஷ்டம் அத்தை. பிடிச்சதை அமுக்குங்க."

"என் இஷ்டத்தை இந்த மிஷின்தான் மொதல் தடவையா கேக்குது" என்று சிரித்துக்கொண்டே 'வேண்டும்' என்பதை அமுக்கினார். பட்டன் சரியாக வேலை செய்கிறது என்று நான் குறித்துக்கொண்டு வந்துவிட்டேன். எனக்கு அன்றைக்குத் தேவையாக இருந்தது அதுதான்.

புது சைட் திறந்த அன்று மாமா தலை சீவி, இஸ்திரி போட்ட சட்டை அணிந்து, மேசை முன் உட்கார்ந்து முதல் கட்டுரையைத் தானே வெளியிட்டார். பிறகு உள்ளே போய் ஒரு கமாவை எடுத்தார், திரும்பப் போட்டார், மறுபடி எடுத்தார். குழந்தைக்குச் சைக்கிள் வாங்கிக் கொடுத்த மாதிரி இருந்தது. அந்த வாரம் முழுக்க அலுவலகத்துக்கு ஃபோன் வரவில்லை. "மீன்காரருக்கு என்ன ஆச்சு?" என்று மேலாளர் விசாரித்தார். அப்பாடா, தலை முழுகியாகிவிட்டது என்று நான் அன்றைக்கு நிம்மதியாகக் காபி குடித்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல் லேப்டாப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பின்னறைப் பக்கம் நடந்தேன்.

"எங்கேம்மா போற?" என்றார் அத்தை. "அதான் சைட் முடிஞ்சுருச்சே. வெங்காயம் எடுத்து வெச்சிருக்கேன் பாரு, உரிச்சுக் குடு."

லேப்டாப்பை எங்கே வைப்பது என்றுகூட எனக்குத் தெரியவில்லை. ஃப்ரிட்ஜ் மேல் வைத்துவிட்டு வெங்காயத்தின் முன்னால் உட்கார்ந்தேன். அடுத்த ஞாயிறும் உட்கார்ந்தேன். அதற்கடுத்த ஞாயிறு நாத்தனாரோடு அவள் மாமியாரும் சேர்ந்து வந்தார், அன்றைக்கு வெங்காயத்தோடு பாத்திரமும் சேர்ந்துகொண்டது. ஹாலின் மூலையில், மீன்தொட்டிக்குப் பின்னால், மாமா தன் மேசையில் இதழ் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். "தாத்தா வேலை பாக்கறார், சத்தம் போடாதீங்க" என்று நாத்தனார் பிள்ளைகளை அடக்கினாள். கண்ணில் நீர் வழிய நான் சமையலறையிலிருந்து அதைப் பார்த்தேன். வெங்காயத்தின் மேல் பழியைப் போட்டுக்கொண்டேன்.

சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்கள். நான் வைத்துக்கொண்டது அதுதான். கதவைச் சாத்தும் ஒரே சாக்கை என் கையாலேயே, சாயங்காலம் சாயங்காலமாக விழி பிதுங்க உட்கார்ந்து, அவருக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டேன். வீட்டுக்காரரிடம் புலம்பினேன். அவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், "நீதானே வேலையைக் குறைக்கணும்னே? குறைஞ்சுருச்சுல்ல?" என்றார். இவரிடம் சொன்னதற்கு மீன்தொட்டியிடம் சொல்லியிருக்கலாம், அதுவாவது குமிழி விட்டிருக்கும்.

திங்கள் காலை அலுவலகத்துக்குப் போகும்போதே இடுப்பு வலித்தது. உடம்பு வலி ஒரு பக்கம் இருக்கட்டும். வாரம் பூராவும் யார் யாருக்கோ 'சரிங்க சார், மாத்திடறேன் சார்' என்று சொல்லிக்கொண்டிருப்பவளுக்கு, யாருக்கும் எதுவும் சொல்லாமல் கிடக்கும் அந்தக் கொஞ்ச நேரம் இல்லையென்றால் அடுத்த வாரம் தொடங்கவே மாட்டேன் என்கிறது. டயர் கடைக்காரரிடம் ஒரு நாள் வெடித்துவிட்டேன். கறுப்புக்கு மேல் கறுப்பு எந்தக் கடையில் விற்கிறது என்று கேட்டுவிட்டேன். மேலாளர் கூப்பிட்டு, "இன்னொரு தடவை இப்படிப் பேசினா இந்த வேலை உங்களுக்கு இருக்காது" என்று நிதானமாகச் சொன்னார். நிதானமாகச் சொன்னதுதான் பயமாக இருந்தது.

அந்தச் சனிக்கிழமை மதியம் சைட்டின் உள்பக்கத்தைத் திறந்தேன். யார் யாருக்கு என்ன அதிகாரம் என்று வைக்கும் இடம் ஒன்று உண்டு. மாமாவை 'ஆசிரியர்' என்பதிலிருந்து 'பங்களிப்பாளர்' என்பதற்கு இறக்கினேன். பங்களிப்பாளர் எழுதலாம், வெளியிட முடியாது. 'வெளியிடு' பட்டன் இருந்த இடத்தில் 'ஒப்புதலுக்கு அனுப்பு' என்று வரும். ஒப்புதல் தரவேண்டியது நான். நாளைக் காலை "சைட்ல ஏதோ கோளாறும்மா" என்று மாமா வருவார், நானும் பெருமூச்சு விட்டுக்கொண்டு பின்னறைக்குப் போவேன். எவ்வளவு சுலபம்!

சாயங்காலம் மாமா மேசையில் உட்கார்ந்தார். திரையையே வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கூப்பிடவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, கைகளை மடியில் போட்டுக்கொண்டு தொட்டியைப் பார்த்தார். பள்ளியில் பெஞ்சு மேல் ஏற்றி நிறுத்திய பையன் மாதிரி இருந்தது அவர் முகம். எழுபதைத் தாண்டிய மனிதரின் பட்டனைப் பிடுங்கித்தானா நான் படுக்கவேண்டும்? ஃபோனிலேயே உள்ளே போய் அவரை மறுபடி ஆசிரியராக்கிவிட்டு, "ஒரு தடவை மூடித் திறந்து பாருங்க மாமா" என்று அறையிலிருந்தபடியே குரல் கொடுத்தேன். "ஆங், வந்துருச்சு" என்றார். வேறு எதுவும் கேட்கவில்லை. ஆனால் இரவுச் சாப்பாட்டின்போது என்னை இரண்டு மூன்று தடவை நிமிர்ந்து பார்த்தார்.

மறுநாள் காலை சமையலறை வாசலில் வந்து நின்றார். அவர் அந்தப் பக்கம் வருவதே அபூர்வம்.

"அம்மாடி, சைட் ஓடலை" என்றார், வீட்டுக்கே கேட்கும்படி. "பட்டன் வேலை செய்யலை. பெரிய கோளாறு போல இருக்கு. நீ உள்ளே போய்க் கதவைச் சாத்திட்டு நிதானமாப் பாரு. மதியம் வரைக்கும் ஆகும்னு நினைக்கிறேன்."

எனக்குப் புரிந்துவிட்டது. பட்டனை எடுத்தது யார், எதற்காக என்று அவருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனிதர், என்னைப் பார்க்காமல் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு பேசினார். வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த கத்தியைக் கீழே வைத்தேன். அந்த நேரத்தில் அவர் காலில் விழச் சொன்னாலும் விழுந்திருப்பேன்.

"என்ன கோளாறு?" என்றார் அத்தை, அடுப்பைப் பார்த்தபடியே. "காலையில பல்லு விளக்கும்போதே 'டிங்'குனு என் ஃபோன்ல வந்துச்சே. ஏர் பம்ப் சத்தம் போட்டா என்ன பண்றதுன்னு எழுதியிருக்கீங்க. படிச்சுட்டுத்தானே அடுப்பே பத்த வெச்சேன்."

மாமா கடிகாரத்தை விட்டுவிட்டுத் தரையைப் பார்த்தார். அத்தை படிப்பார் என்று அவரும் நினைக்கவில்லை, நானும் நினைக்கவில்லை. இனிமேல் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துப் பயனில்லை.

"சைட்டுக்கு ஒண்ணும் இல்லை அத்தை" என்றேன். "வேலையும் ஒண்ணும் இல்லை. எனக்குக் கொஞ்ச நேரம் கதவைச் சாத்திட்டுப் படுக்கணும். அவ்வளவுதான். என்னால முடியலை. மாமா எனக்காகத்தான் பொய் சொன்னார்."

இடி விழும் என்று நின்றேன். அத்தை அடுப்பைச் சின்னதாக வைத்தார்.

"நீ படுத்துக்கறது எனக்குத் தெரியாதா? ஃபேன் சத்தம் கேக்கும், டைப் அடிக்கற சத்தம் கேக்காது. எத்தனை வருஷமா கேக்கறேன்!"

"அப்புறம் ஏன் அத்தை ஒண்ணும் சொல்லலை?"

"சொல்லி? உன்னையும் எழுப்பி இங்கே நிறுத்தவா? ஒருத்தியாவது படுக்கட்டும்னு விட்டேன். சைட் முடிஞ்சுதுன்னு நீ லேப்டாப்போட வந்து நின்னே, எனக்கும் கால் கடுத்துது, வெங்காயத்தைக் குடுத்தேன்." கரண்டியை மேடைமேல் வைத்தார். "அவருக்கு ஒரு இதழ் இருக்கு. உனக்கு ஒரு சைட் இருந்துச்சு. நானும் யோசிச்சு யோசிச்சுப் பாக்கறேன், கதவைச் சாத்திக்க எனக்கு ஒண்ணும் கிடைக்கலை. காய்ச்சல்கூட வர மாட்டேங்குது."

கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை. மழை வரும் போலிருக்கிறது என்பதைப்போல் சாதாரணமாகச் சொன்னார். மாமாவும் நானும் ஒருவரை ஒருவர் பார்க்கத் துணியவில்லை. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, எங்கள் இருவருக்கும் நடுவில் புகுந்து, அத்தை ஹாலைத் தாண்டி நடந்தார். பேப்பருக்குப் பின்னாலிருந்து வீட்டுக்காரர் "என்னம்மா?" என்றார். பின்னறைக் கதவு சாத்திக்கொண்டது. தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது. பிறகு ஃபேன் சத்தம்.

வாசலில் மணி அடித்தது. நாத்தனார் குடும்பம் வந்துவிட்டது. பிள்ளைகள் செருப்பை வீசிவிட்டு உள்ளே ஓடிவந்தார்கள். "அம்மா எங்கே?" என்றாள் நாத்தனார். "வேலையா இருக்காங்க" என்று சொல்லி அவள் கையில் கத்தியைக் கொடுத்தேன். என்னை ஏற இறங்கப் பார்த்தாள், ஆனாலும் உட்கார்ந்துவிட்டாள். வீட்டுக்காரர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு வந்து, தான் எங்கே நிற்பது என்று தெரியாமல் கதவோரம் நின்றார். பாத்திரத் தொட்டியைக் காட்டினேன்.

மாமா அடுப்பின் முன்னால் போய் நின்றார். மூடியைத் திறந்தார், ஆவி அடித்துப் பின்வாங்கினார், கரண்டியை விட்டு ஒரு சொட்டு எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"உப்பு போடலை போல இருக்கே. உப்பு எங்கே வைப்பா?"

எனக்கும் சட்டென்று தெரியவில்லை. உப்புப் போடுவது எப்போதும் அத்தைதான். மேடையில் வரிசையாக ஒரே மாதிரி டப்பாக்கள் இருந்தன, எதன்மேலும் எதுவும் எழுதியிருக்கவில்லை.

"இரு, கேட்டுட்டு வர்றேன்" என்று மாமா பின்னறைப் பக்கம் திரும்பினார்.

"தட்டாதீங்க மாமா" என்றேன். முதல் டப்பாவை எடுத்துத் திறந்தேன். சர்க்கரை. அடுத்ததை எடுத்தேன்.